பெரியம்மாவுக்கும் ஒரு கிண்ணம்



சில ஆண்டுகளுக்கு முன் நோன்புப் பெருநாளன்று, மீஞ்சூரிலிருந்து பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டிலுள்ள என் பெரியம்மா வீட்டிற்குச் சென்றிருந்தேன். அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலில் ஆறாத புண் வேறு. எல்லாருக்கும் வட்டிலப்பம் பரிமாறப்பட்டது. அவரிடம் மட்டும் தட்டை நீட்டாமல் மருமகள் நகர்ந்து போனார். "கருப்பட்டியில் செய்ததுதானே, சீனி இல்லையே, ஒரு துண்டு கொடு" என்றார் பெரியம்மா. எவரும் கொடுக்கவில்லை. "எனக்கும் இன்று பெருநாள்தான்" என்று சொல்லிவிட்டு அவர் திண்ணைக்குப் போய் அமர்ந்துகொண்டார்.

மருமகள் செய்தது தவறன்று. ஆயினும் அந்தத் திண்ணைக் காட்சி என்னை விட்டு அகலவில்லை. உங்கள் இல்லத்திலும் அப்படி ஒருவர் இருக்கக்கூடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்த ஆய்வின் முடிவுகள் 2023ஆம் ஆண்டு வெளியாயின. நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல் என்று அது மதிப்பிட்டது.

முதலில் கருப்பட்டியைப் பற்றிய மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். அதில் சிறிது தாது உப்புகள் உண்டு, மணமும் தனி. ஆனால் 100 கிராம் கருப்பட்டியில் ஏறக்குறைய 90 கிராம் சர்க்கரைதான். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் இத்தகையனவே. "கருப்பட்டி ஒன்றும் செய்யாது" என்று நம்பிப் பல வீடுகளில் முதியோருக்கு இரட்டைப் பங்கு கொடுக்கிறார்கள். அது அன்பினால் வரும் கேடு.

நல்ல செய்தியும் உண்டு. நம் இனிப்புகள் சிலவற்றில் அரிசியோ மைதாவோ அறவே இல்லை. வட்டிலப்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி, ஏலம். ஒல்லாந்தர் காலத்தில் இலங்கைக்கு வந்த மலாய் மக்கள் இதனை அங்கு அறிமுகப்படுத்தினர் என்பர். காயல்பட்டினம், கீழக்கரை வீடுகளிலும் இது பெருநாள் பண்டம். மலாய் நாட்டில் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டும் 'செரிகாயா' இதன் உறவினரே. முட்டையில் மாவுச்சத்து இல்லை என்றே சொல்லலாம்; தேங்காய்ப்பாலிலும் சொற்பமே. ஆகவே குற்றவாளி கருப்பட்டி ஒன்றுதான். அதை நீக்கினால் பண்டம் பிழைக்கும்.

எல்லாம் அப்படிப் பிழைப்பதில்லை. கீழக்கரைத் தொதல் மலாயாவின் 'தோடோல்' தான். அரிசிமாவும் கருப்பட்டியும் அதன் உடல். அதிலிருந்து இரண்டையும் எடுத்துவிட்டால் எஞ்சுவது தொதல் ஆகாது. நோயாளிக்கென்று தொதலைத் திருத்த முயன்று பொருளை வீணாக்காதீர்கள். ஜவ்வரிசியும் அவ்வாறே. பெயரிலேயே ஜாவாவைச் சுமந்திருக்கும் அது இன்று சேலம் பக்கத்து மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருகிறது. நோயாளிக்கு இலேசான உணவு என்று எண்ணி அதில் பாயசம் காய்ச்சுகிறோம். அதுவோ முழுக்க மாவுச்சத்து.

இனிப்பைக் குறைக்கும்போது மணத்தைக் கூட்ட வேண்டும். ஏலம், பட்டை, ஜாதிக்காய் மணத்தால் நாவுக்கு இனிப்பு சற்று மிகுந்து தோன்றும். பழவேற்காட்டுக்கும் இம்மணங்களுக்கும் பழைய தொடர்பு உண்டு. ஒல்லாந்தர் 1613இல் அங்குக் கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் அதுவே. இக்கரையின் துணிகளைக் கீழைத் தீவுகளுக்கு ஏற்றிச் சென்று கிராம்பும் ஜாதிக்காயும் கொண்டார்கள். மலாய் சமையலின் உயிரான பண்டான் இலையைத்தான் இலங்கைத் தமிழர் ரம்பை என்கின்றனர். நாற்றுப் பண்ணைகளில் பிரியாணி இலை என்று கேட்டால் கிடைக்கும், தொட்டியில் வளரும். அது தாழை இனத்தது. ஆனால் கடற்கரையில் முள்ளோடு நிற்கும் தாழையின் மடலைப் பறித்துப் போட்டுவிடாதீர்கள்!

இனிச் செய்முறை. எட்டுச் சிறு கிண்ணங்களுக்கு முட்டை ஐந்து, கெட்டித் தேங்காய்ப்பால் 400 மில்லி, ரம்பை இலை இரண்டு, ஏலம் நான்கு, துருவிய ஜாதிக்காய் ஒரு சிட்டிகை, உப்பு சிறிது, கருப்பட்டி 15 கிராம் மட்டும். இந்தக் கருப்பட்டி நிறத்திற்கும் மணத்திற்குமே, இனிப்பிற்கு அன்று. இனிப்பிற்குச் சுக்ரலோஸ் அல்லது சீனித்துளசித் தூள், ஆறு மேசைக்கரண்டி சர்க்கரைக்கு ஈடான அளவு. உறையில் 'மால்டோடெக்ஸ்ட்ரின்' என்று இருந்தால் அதுவும் மாவுச்சத்தே, வேறு வாங்குங்கள். அஸ்பார்டேம் சூட்டில் இனிப்பை இழந்துவிடும். சீனித்துளசி மிகுந்தால் கசக்கும்.

தேங்காய்ப்பாலில் ரம்பையை முடிச்சிட்டுப் போட்டுச் சூடாக்குங்கள். கொதிக்க விட வேண்டா. கருப்பட்டியைக் கரைத்து, மண் போக வடிகட்டிச் சேருங்கள். வெதுவெதுப்பாக ஆறியதும் இலையை எடுத்துவிட்டு, நுரை எழாமல் கலக்கிய முட்டையையும் மற்றவற்றையும் சேர்த்து, மீண்டும் ஒருமுறை வடிகட்டிக் கிண்ணங்களில் ஊற்றுங்கள். ஓரமுள்ள தட்டில் கிண்ணங்களை அடுக்கி, அவற்றின் பாதி உயரத்திற்கு வெந்நீர் ஊற்றி, 150 டிகிரியில் 35 முதல் 45 நிமிடம் பேக் செய்யுங்கள். ஓரம் உறைந்து, நடு மட்டும் இலேசாக அசையும்போதே எடுத்துவிட வேண்டும்.

முதன்முறை நான் வெந்நீரும் வைக்காமல் 200 டிகிரியில் வைத்தேன். தண்ணீர் தனியாகவும் முட்டை தனியாகவும் திரிந்து வந்தது. "இனிப்பு ஆம்லெட்" என்று பிள்ளைகள் இன்றளவும் கேலி பேசுகின்றனர். காரணம் பின்னரே விளங்கிற்று. சர்க்கரை இருந்தால் முட்டை உறையச் சற்றுக் கூடுதல் சூடு வேண்டும். அது குறைந்தால் விரைவில் உறைந்து, விரைவில் திரியும். இனிப்பைக் குறைத்தவர் அடுப்பையும் குறைக்கத்தான் வேண்டும். பேக்கிங் அடுப்பு இல்லாதோர் இட்லிப் பானையில் சிறு தீயில் 25 நிமிடம் அவிக்கலாம். மூடியின் நீர் சொட்டாமல் துணி கட்டுங்கள்.

கணக்கைப் பாருங்கள். 250 கிராம் கருப்பட்டி போட்டுச் செய்யும் வழக்கமான வட்டிலப்பத்தை எட்டுப் பங்காக்கினால், ஒரு பங்கில் 30 கிராம் அளவு மாவுச்சத்தும் சர்க்கரையும் சேரும். இதில் நான்கைந்து கிராமே. ஆயினும் தேங்காய்ப்பாலின் கொழுப்பு அப்படியே இருக்கிறது. சிறு கிண்ணம் ஒன்று போதும். இதய நோய் உள்ளோர் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் அன்றாட உணவில் மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை அளவுக்குமீறித் தாழ்ந்துவிடக்கூடும். நோன்பு காலத்தில் இதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். செயற்கை இனிப்புகளை உடல் எடை குறைக்கும் வழியாகக் கொள்ள வேண்டா என 2023இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. அந்த அறிவுரை ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளோரைக் குறித்ததன்று. என்றாலும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதனைப் பழக்காதீர்கள்.

பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையை எறிந்துவிடாதீர்கள். வெயிலில் உலர்த்திப் பொடித்தால் அதுவே கேக்கிற்கு மாவு; பெரும்பாலும் நாரும் கொழுப்புமே. வாதுமை மாவு நல்லதுதான், விலையைக் கேட்டால் பெருநாள் மறந்துவிடும்! 60 கிராம் சக்கைப் பொடிக்கு ஐந்து முட்டை, 75 கிராம் வெண்ணெய், 100 மில்லி தேங்காய்ப்பால், ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், பட்டை, கிராம்பு, ஜாதிக்காய்ப் பொடி, முன் சொன்ன இனிப்பு. 170 டிகிரியில் அரை மணி நேரம். மைதா கேக்கைப் போல மெத்தென்று இராது, உதிரும். இந்தோனேசியாவின் அடுக்குக் கேக்கின் மணம் மட்டும் வீடு முழுவதும் எழும்.

கடற்பாசிக்கோ உறையச் சர்க்கரையே வேண்டா. 10 கிராம் பாசியை 600 மில்லி நீரில் முழுவதும் கரையக் காய்ச்சி, ரம்பை மணமேற்றிய தேங்காய்ப்பால் 300 மில்லியும் சிறிது இனிப்பும் சேர்த்துத் தட்டில் ஊற்றினால், நோன்பு திறக்கும் வேளைக்குள் உறைந்துவிடும்.

அடுத்த பெருநாளுக்குக் கேக்கையும் எட்டுக் கிண்ணங்களையும் எடுத்துக்கொண்டு பழவேற்காடு போனேன். பெரியம்மா ஒரு கிண்ணத்தை முழுதும் உண்டார். இரண்டு மணி நேரம் கழித்து மருமகளே விரலில் குத்திப் பார்த்தார். கவலைப்படும் அளவுக்கு ஏறவில்லை. "இனிப்புக் கொஞ்சம் குறைச்சல்" என்று பெரியம்மா குறை சொன்னார். பிறகு, அவ்வூர்ப் பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டியில் கேக் துண்டுகளை அடுக்கிப் பக்கத்து வீட்டிற்குக் கொடுத்தனுப்பச் சொன்னார். அங்கும் ஒருவருக்குச் சர்க்கரையாம். நீங்களும் அப்படி அனுப்புவதானால் கேக் முழுவதும் ஆறட்டும். சூட்டோடு வைத்தால் பெட்டிக்குள் வியர்த்து அடிப்புறம் நைந்துவிடும்.