கொசுவுக்கு இடம் கொடுப்பவர் யார்?

"குடிசைப் பகுதியில் சாக்கடை, சாக்கடையில் கொசு, கொசுவால் காய்ச்சல்" என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். நெருக்கமாக வாழும் ஏழைகளின் அசுத்தமே நோய்க்குக் காரணம் என்பது அவர்கள் தீர்ப்பு. இத்தீர்ப்பு சரிதானா?

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைப் பெரும்பாலும் நாடுவதில்லை. வீட்டில் சேர்த்து வைத்த தெளிந்த நீரே அதற்குத் தொட்டில். மூடாத பீப்பாய், பூந்தொட்டியின் அடித்தட்டு, கொட்டாங்கச்சி, பழைய டயர் ஆகியவற்றில் அது முட்டையிடுகிறது. சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசுவும் கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும் வளர்கிறது. மாடி வீடு, குடிசை என்று கொசு வேற்றுமை பாராட்டுவதில்லை.

குழாயில் நாள்தோறும் தண்ணீர் வந்தால் எந்தத் தாய் பத்துக் குடங்களில் நிரப்பி வைப்பாள்? லாரிக்குக் காத்திருந்து பிடித்த நீரைக் கொட்டிவிடு என்று அவளிடம் சொல்வது நியாயமா? தவறாமல் குடிநீர் வழங்குவதும் கொசு ஒழிப்பே என்பது என் கருத்து.

புகை அடித்தால் போதும் என்று நினைப்போரும் உண்டு. புகை பறக்கும் கொசுவைக் கொல்லும்; நீரிலுள்ள புழுவைக் கொல்லாது. முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை, குடம் காலியாகும் வேளையில் நன்கு தேய்த்துக் கழுவினால் ஒரு சொட்டு நீரும் வீணாகாது. வெறுமனே அலசினால் போதாது. பக்கங்களில் ஒட்டிய ஏடிஸ் முட்டைகள் நீரின்றியும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். நீர் பிடித்தவுடன் துணியால் வேடு கட்டிவிட வேண்டும்.

இது நடக்கக்கூடியதா? கியூபா நாட்டின் ஹவானா நகரில் மஞ்சள் காய்ச்சலைப் பரப்பியதும் இதே ஏடிஸ் கொசுதான். 1901ஆம் ஆண்டில் வில்லியம் கார்கஸ் என்னும் மருத்துவரின் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று தண்ணீர்க் கலங்களைச் சோதித்து, மூடச் செய்தனர். நோயாளிகளைக் கொசு கடிக்காமல் காத்தனர். அவ்வாண்டிலேயே அந்நோய் அந்நகரை விட்டு அகன்றது. செல்வர் வீடு, ஏழை வீடு என்று பாராமல் எல்லா வீடுகளிலும் செய்ததாலன்றோ அவ்வெற்றி கிட்டியது!

பெற்றோரே, மாநகராட்சியிடம் புகை மருந்து கேட்பதோடு, எல்லாத் தெருக்களுக்கும் ஒழுங்கான தண்ணீரும் கேளுங்கள். தோழியரே, சனிக்கிழமைகளில் அரை மணி நேரம் ஒதுக்குவோம். அடுத்த தெருவைக் குறை கூறுமுன் நம் வீட்டு மாடியில் ஏறிப் பார்ப்போம்.

— பத்தாம் வகுப்பு மாணவி