பழைய பஞ்சாங்கமும் புது மடிக்கணினியும்

சென்ற ஞாயிறு மாலை, மகாராஜபுரத்தில் நண்பர்கள் கூடியிருந்த திண்ணையில் நம் கணினி வல்லுநர் ஒரு கட்டுரை வாசித்தார். போன வருடம் வாங்கிய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுப் பார்த்தாராம். வட்டு தெரியவில்லையாம், வைஃபை வரவில்லையாம், வீட்டுப் போட்டோக்களெல்லாம் பூட்டிக்கொண்டனவாம். ஒரே ராத்திரிச் சோதனையில் தீர்ப்பும் எழுதிவிட்டார்: புதுக் கருவிகளுக்கு லாயக்கில்லை, பாதுகாப்பில்லை, தமிழுக்கு உதவாது, ஊரில் ஒருவரும் சீண்டுவதில்லை, ஓசியில் கிடைப்பதற்கு அவ்வளவுதான் மதிப்பு. கேட்டவர்கள் கைதட்டினார்கள். தட்டியவர்களில் பாதிப் பேர் அவர் கடையில்தான் விண்டோஸ் போட்டுக்கொள்கிறார்கள் என்பதைப் பிறகு பேசுவோம்.

முதல் வாதம், புதுக் கருவி. அவர் சோதனைக்கு எடுத்த பென் டிரைவைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். உள்ளே இருந்தது உபுண்டு 18.04. அந்த எண்ணிலேயே ஆண்டும் மாதமும் எழுதியிருக்கிறது: 2018 ஏப்ரல். லினக்ஸில் கருவிகளை இயக்கும் டிரைவர்களில் பெரும்பாலானவை கர்னல் என்கிற உட்கருவுக்குள்ளேயே வருகின்றன. ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு புதிய கர்னல் வெளியாவதற்குப் புதிதாகப் பிறக்கும் சில்லுகளை அடையாளம் கண்டுகொள்வதும் ஒரு காரணம். தனக்குப் பின்னால் பிறந்த வைஃபை சில்லை 2018இன் உபுண்டு எப்படி அறியும்? எட்டு வருடத்துக்கு முந்தைய பஞ்சாங்கத்தைப் புரட்டி இந்த ஆவணிக்கு முகூர்த்தம் தேடிவிட்டு, நாள் சரியில்லை என்று ஜோதிட சாஸ்திரத்தையே திட்டுகிறவரை என்னவென்று அழைப்பது?

புதுப் பதிப்பிலும் சில கணினிகளில் வட்டு தெரியாமல் போவதுண்டே என்று அவர் குறுக்கிடலாம். உண்டு, அதை மறைக்க நான் வக்கீல் அல்ல. இன்டெல்லின் பதினோராம் தலைமுறை தொடங்கிப் பல மடிக்கணினிகள், வட்டை ‘விஎம்டி’ என்கிற ஏற்பாட்டுக்குப் பின்னால் வைத்தே தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. அண்மைக் கர்னல்களுக்கு அந்த ஏற்பாடு பெரும்பாலும் பழகியதுதான். ஆனால் வல்லுநர் சொல்லாமல் விழுங்கிய சங்கதி ஒன்று இருக்கிறது: இத்தகைய பல மாடல்களில் மைக்ரோசாஃப்ட்டின் சொந்த விண்டோஸைப் பென் டிரைவிலிருந்து புதிதாகப் போட்டாலும் வட்டு காணவில்லை என்றே திரை சொல்லும், இன்டெல்லின் டிரைவரைத் தனியாக இறக்கி ஊட்டினால்தான் நகரும். இந்த வேலையை வாரம் நாலு முறை தன் கடையில் செய்கிறவருக்கு இது தெரியாதா? விண்டோஸில் நேர்ந்தால் ‘டிரைவர் போடணும் சார், கூட முந்நூறு ஆகும்’. லினக்ஸில் நேர்ந்தால் நாகரிகத்தின் வீழ்ச்சி! கம்பெனிக்காரன் ஆக்கிப் பரிமாறி அனுப்பிய பந்தியையும், தான் ராத்திரி பதினொரு மணிக்கு முதன்முதலாக வைத்த ரசத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசி பார்ப்பதற்குப் பெயர் ஒப்பீடா?

மேலும், கருவிகளோடு ஒத்துப்போகாத பெருமை யாருக்குச் சேர வேண்டியது? 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு இல்லாத கணினியையும், இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய கணினிகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் விண்டோஸ் 11 வாசற்படியிலேயே நிறுத்துகிறது. 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய தமிழ்நாட்டு அரசுத் திட்டத்தில் பிள்ளைகள் வாங்கிய மடிக்கணினிகளை இன்று அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொள்வது எது, விரட்டுவது எது?

இரண்டாவது, பாதுகாப்பு. லினக்ஸ் போடுவதற்காக ‘செக்யூர் பூட்’ என்கிற தொடக்கக் காவலை அணைக்க நேர்ந்ததாம், ஆகவே அது ஆபத்தாம். அணைக்கச் சொன்னது யார்? உபுண்டு, ஃபெடோரா இரண்டின் தொடக்க நிரலிலும் மைக்ரோசாஃப்ட்டே கையொப்பமிட்டிருக்கிறது, அணைக்காமலே ஏறும். இவராக அணைத்தார்; அணைத்ததும் விண்டோஸின் வட்டுப் பூட்டான ‘பிட்லாக்கர்’ விழித்துக்கொண்டு 48 இலக்கச் சாவியைக் கேட்டது. போட்டோக்களை லினக்ஸ் தின்றுவிட்டதாகத் திண்ணையில் அவர் கண்கலங்கினாரே, அந்தப் பூட்டைப் போட்டது விண்டோஸ். சாவி, கணினி வாங்கிய அன்று அவசரத்தில் தொடங்கி மறந்தும்போன மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்தது. களவு போனது ஒரு வீட்டில், கட்டி வைத்து அடித்தது வழிப்போக்கனை.

மூன்றாவது, தமிழ். தன் பழைய கோப்புகள் லினக்ஸில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிகின்றன என்கிறார். தெரியத்தான் செய்யும், பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்தின் குறியீடு, மேலே போர்த்தியிருப்பதுதான் தமிழ் முகமூடி. அந்த எழுத்துரு இல்லாத விண்டோஸிலும் அதே கிறுக்கல்தான் வரும். எழுத்துருவை நிறுவினால் லினக்ஸிலும் தமிழாகவே தெரியும். ஒருங்குறித் தமிழும் 1999இல் வகுத்த தமிழ்99 விசைப்பலகையும் லினக்ஸில் காசில்லாமல் கிடைக்கின்றன. கணியம் இதழ் 2012 முதல் இவற்றையெல்லாம் எளிய தமிழில் எழுதிவருகிறது. படிக்காதது யார் குற்றம்?

நான்காவது, ஒருவரும் பயன்படுத்துவதில்லை என்பது. இதை அவர் வாசித்தது தன் ஆண்ட்ராய்டு போனைப் பார்த்து. அதன் உட்கரு லினக்ஸ். 2017 நவம்பர் தொட்டு உலகின் முதல் 500 மீக்கணினிகளும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. அவையெல்லாம் தூரம் என்றால், தாணிப்பாறைக்கு மேலே எழும் மலையைக் கொஞ்சம் நிமிர்ந்து பார்க்கட்டும். அதற்கு அந்தப் பக்கம் கேரளத்து அரசுப் பள்ளிக்கூடங்களில் கிட்டத்தட்ட இருபது வருடமாகப் பிள்ளைகள் கணினி படிப்பதே லினக்ஸில்தான். மழை மேகம் தாண்டிவரும் மலையை ஒரு மென்பொருள் தாண்டக் கூடாதா?

இங்கே மட்டும் வரவில்லையா என்ன? 2011இன் மடிக்கணினிகளில் விண்டோஸோடு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. 2026 ஜனவரி 5 அன்று தொடங்கிய ‘உலகம் உங்கள் கையில்’ திட்டத்து மடிக்கணினிகளிலும் விண்டோஸ் 11க்குப் பக்கத்தில் பாஸ் இருக்கிறது. பிள்ளைகளே அதை அழித்துவிட்டார்கள் என்கிறார். அழித்த கைகள் எந்தக் கடையின் கைகள்? ‘இது வேஸ்ட் தம்பி, ஃபார்மட் பண்ணிடலாம்’ என்று சொன்ன வாய் எது? சொல்லிக்கொடுக்காத அரசுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் வேரை வெட்டியவரே வந்து, செடி பிழைக்கவில்லையே என்று ஒப்பாரி வைப்பது கொஞ்சம் ஜாஸ்தி.

அவர் சொல்லியிருக்க வேண்டிய நியாயமான குறைகள் இருக்கின்றன. அவருக்குத் தோன்றாததால் நானே சொல்கிறேன். ராஜபாளையத்து மில் கணக்காளருக்கு டாலி வேண்டும். சிவகாசி அச்சகத்துக்குப் பேஜ்மேக்கரும் கோரல்டிராவும் வேண்டும். இவை லினக்ஸுக்கு என்று வருவதில்லை. சில புதிய இன்டெல் மடிக்கணினிகளின் கேமரா மாதக்கணக்கில் அடம்பிடிக்கும். ஸ்னாப்டிராகன் சில்லு உள்ள மடிக்கணினியை லினக்ஸை நம்பி வாங்கச் சொல்லி யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்த மூன்றையும் முன்வைத்திருந்தால் நான் வாயடைத்து உட்கார்ந்திருப்பேன்.

கடைசியாக, ஓசி. இலவசமாகக் கிடைப்பது இளக்காரம் என்கிறவர், வாடிக்கையாளருக்குப் போட்டுத் தருகிற விண்டோஸை என்ன விலைக்கு வாங்குகிறார்? கிராக் செய்த ஒரே பிரதியை நூறு கணினியில் ஏற்றி, தலைக்கு ஐந்நூறு வாங்குகிறவர் ஓசியைப் பழிக்கிறார். உரிமையோடு சும்மா கிடைப்பது அசிங்கம், திருட்டுத்தனமாகச் சும்மா கிடைப்பது தொழில்! ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைரஸோடு திரும்பி வருகிற வாடிக்கையாளர் லினக்ஸுக்கு மாறி வராமலே போய்விடுவாரோ என்பதுதான் அந்தக் கட்டுரையில் அவர் எழுதாமல் விட்ட ஆறாவது வாதம். மற்ற ஐந்தையும் எழுத வைத்ததும் அதுவே.

ராஜபாளையம் நாய் வளர்த்தவனுக்கு மட்டும்தான் அடங்கும் என்று நம் பக்கத்தில் பெருமை பேசுவோம். வல்லுநரின் மடிக்கணினியும் நல்ல ஜாதிதான். நடு ராத்திரியில் அவரையே வாசலில் நிறுத்தி 48 இலக்கம் கேட்டதே! காசு கொடுத்தவர் இவர், அது யாருக்கு அடங்கியது என்பதை மட்டும் அடுத்த ஞாயிறு திண்ணைக்கு வந்து அவரே சொல்லட்டும்.