பழி கார்பைடு மேல, தப்பு யார் மேல?

போன செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு 2 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில் 50 மி.மீ. ஓட்டை ஒண்ணு போடணும். "கார்பைடு ஹோல் சா இருக்குடா, எதையும் அறுக்கும்"னு கை ட்ரில்லில் மாட்டி ட்ரிக்கரை முழுசா அமுக்கினோம். சில நொடியில் தகடு நீலமாச்சு, ரெண்டு பல் தெறிச்சது. சா சிக்கி ட்ரில் திரும்பினதில் நண்பனுக்கு மணிக்கட்டு பிசகிடுச்சு. உடனே எல்லாரும் சொன்னது: "மட்டமான சரக்கு."

சரக்கு நல்ல சரக்குதான். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணின வெட்டு வேகக் கணக்கை அங்கே யாருமே போடலை. நிமிடத்துக்கு 25 மீட்டர்னு வெச்சாலும் 50 மி.மீ. விட்டத்துக்கு சுமார் 160 சுற்றுதான் வருது. அந்த ட்ரில் ஓடுறது 2800! பல் நுனியில் நிமிடத்துக்கு 440 மீட்டர்.

டங்ஸ்டன் கார்பைடு ரொம்பக் கடினம், சூட்டையும் தாங்கும். ஆனா அடி தாங்காது, பொசுக்குனு உடையும். ஆணி மறைஞ்சிருக்கிற பழைய பலகைக்கு பைமெட்டல் சாவே மேல்.

அதனால நான் சொல்றது இதுதான்: எத்தனை சுற்றில் ஓட்டப்போறோம்னு எழுதிக் காட்டினாத்தான் ஒர்க்‌ஷாப்பில் ஹோல் சா தரணும். சீனியரா இருந்தாலும் சரி. தகட்டை கிளாம்ப் பண்ணி, பில்லர் ட்ரில்லில் குறைந்த வேகம் வெச்சு, கட்டிங் ஆயில் விட்டு அறுக்கட்டும். கண்ணாடி கட்டாயம். கையுறை மட்டும் வேண்டாம். சுழல்றதில் துணி சிக்கினா விரலையும் சேர்த்து இழுத்துடும்.

நண்பன் மூணு வாரம் இடது கையால ரெக்கார்ட் எழுதினான்.