சைக்கிள் நிற்காத இடங்கள்

ஜப்பானுக்குப் போய்விட்டு வருகிறவர்கள் எழுதும் பயணக் கட்டுரைகளில் ஒரு வரி தவறாமல் வந்துவிடும். அவன் பழசைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுகிறான், நாம் இடித்துத் தள்ளுகிறோம் என்பது அந்த வரி. ரயில் நேரத்துக்கு வந்தது, தெருவில் குப்பை இல்லை, இருநூறு வருட வீடு அப்படியே நிற்கிறது. இந்த மூன்றையும் ஒரே நூலில் கோத்து ‘அது அவர்கள் ரத்தத்தில் இருக்கிறது’ என்று முடித்துவிடுவார்கள். எனக்கு இந்த வரியோடு நாள்பட்ட சண்டை இருக்கிறது. இதை ஒரு பாராட்டாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. யோசிக்காமல் இருப்பதற்கான அனுமதிச் சீட்டாகத்தான் தெரிகிறது.

சண்டைக்கு நான் எடுத்துக்கொள்ளும் ஊர் ஹகி. ஹோன்ஷு தீவின் மேற்குக் கோடியில், யமாகுச்சி மாநிலத்தில், ஜப்பான் கடலோரம் ஒரு ஆற்றுக் கழிமுகத்தில் இருக்கிறது. எடோ காலத்து வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டே இன்றைக்கும் தெருத்தெருவாகப் போகலாம் என்பதுதான் ஊரின் விளம்பரம். பொய்யில்லை, போகலாம். நான் போனது மே மாதம், வழிகாட்டியோடு மூன்று மணி நேர சைக்கிள் சுற்று. முன்னால் கூடை வைத்த வீட்டுச் சைக்கிள். அதற்கு அங்கே ‘மாமாசாரி’ என்று பெயர், அம்மாக்களின் சைக்கிள் என்று அர்த்தம். கும்பகோணத்து ஆள் யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது, விடுங்கள். ஊர் தட்டையானது, தெருக்கள் குறுகல். பஸ் நுழையாது, நடந்தால் கால் வலிக்கும். சைக்கிள்தான் சரி.

வழிகாட்டி எழுபதைத் தாண்டியவர். அவர் முதலில் நிறுத்திய இடம் ‘காகிமகாரி’. இரண்டு பக்கமும் உயரமான மண்சுவர், தெரு சட்டென்று சாவி மாதிரி மடங்குகிறது. எதிரி உள்ளே வந்தால் அடுத்து என்ன இருக்கிறதென்று தெரியக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. சுவருக்கு மேலே நட்சுமிகான் மரங்கள் எட்டிப் பார்க்கின்றன. புளிப்பான பெரிய ஆரஞ்சு அது. மே மாதத்தில் ஒரே மரத்தில் போன வருடத்துப் பழமும் இந்த வருடத்துப் பூவும் இருக்கும். தெரு முழுக்க அந்தப் பூவின் வாசனை. எல்லோரும் படம் எடுத்தோம், நானும் எடுத்தேன்.

அந்தச் சுவர் ஏன் இன்னும் நிற்கிறது என்பதற்குத்தான் நான் பதில் தேடினேன். கிடைத்த பதிலில் ‘ரத்தம்’ எங்கேயும் இல்லை.

1600இல் செகிகஹாரா போரில் தோற்ற பக்கத்தில் இருந்தவர் மோரி தெருமோதோ. எட்டு மாகாணங்களை ஆண்ட குடும்பத்துக்கு இரண்டை மட்டும் விட்டுவைத்தார் தோகுகாவா. 1604இல் இந்தக் கடலோர மூலையில் கோட்டை கட்ட ஆரம்பித்தார்கள். இரண்டரை நூற்றாண்டு அதுதான் சோஷு அரசின் தலைநகரம். பிறகு 1863இல், தோகுகாவா ஆட்சி ஆட்டம் கண்ட நேரத்தில், தலைமையிடம் உள்நாட்டில் இருக்கும் யமாகுச்சிக்கு மாறியது. 1868இல் மெய்ஜி ஆட்சி வந்ததும் ஊரின் கெட்டிக்கார இளைஞர்கள் எல்லாம் டோக்கியோவுக்குப் போய் அமைச்சர்களானார்கள். 1871இல் பிரபு ஆட்சிப் பகுதிகளே ஒழிக்கப்பட்டன. 1876இல் சாமுராய்களுக்கு வந்துகொண்டிருந்த மானியமும் நின்றது. அதே வருடம் ஹகியில் ஒரு கூட்டம் வாளெடுத்துக் கலகம் செய்து தோற்றது. இன்னொரு கூட்டம் வயிற்றுப்பாட்டுக்காக வீட்டு மனையில் நட்சுமிகான் நட்டது. கடல்காற்று மரத்தை முறித்துவிடாமல் இருக்கச் சுவர் வேண்டும். சுவர் ஏற்கெனவே இருந்தது, எனவே அதை இடிக்கவில்லை. நாங்கள் படம் எடுத்த அந்தச் சுவர் நூறு வருடம் ஆரஞ்சுத் தோட்டத்து வேலியாக வேலை பார்த்திருக்கிறது.

சரி, கோட்டை? 1874இல் அவர்களே பிரித்துப் போட்டார்கள். 1873இல் வந்த அரசாணைப்படி நாடு முழுக்க எத்தனையோ கோட்டைகள் உடைபட்டன, பல ஏலத்துக்குப் போயின. அதற்குச் சில வருடங்களுக்கு முன்னால்தான் புத்தக் கோயில்களையும் சிலைகளையும் அடித்து நொறுக்கும் அலை ஒன்று அதே நாட்டில் அடித்து ஓய்ந்திருந்தது. ‘பழமையைப் போற்றும் இனம்’ என்று எழுதுகிறவர்கள் ஹகியில் சைக்கிளைக் கடைசியாக நிறுத்தும் இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். அகழியும் கற்சுவரும் மட்டும்தான் அங்கே மிச்சம். மேலே ஒன்றுமில்லை.

மற்றதெல்லாம் பிழைத்ததற்குக் காரணம் எளிது: பணமும் அதிகாரமும் அந்த ஊரைக் கைவிட்டுவிட்டன. ரயிலே 1925இல்தான் வந்து சேர்ந்தது, அதுவும் ஊருக்குள் நுழையாமல் கழிமுகத்தைச் சுற்றிக்கொண்டு போனது. ஆலைகளும் பெருநகரங்களும் எதிர்ப்பக்கக் கடலோரத்தில் வளர்ந்தன, புல்லட் ரயிலும் அங்கேதான் ஓடுகிறது. இடித்துக் கட்டக் காசில்லாத ஊரில் பழைய வீடு அப்படியே இருக்கும். எங்கள் தொழிலில் இதற்கு லெகசி சிஸ்டம் என்று பெயர். இருபது வருடக் கோடு இன்னும் ஓடுகிறதென்றால் அதை யாரோ நேசித்தார்கள் என்று அர்த்தமில்லை. அதைத் தொட யாருக்கும் பட்ஜெட் ஒதுக்கவில்லை, அவ்வளவுதான்.

காசு வந்த பிறகு என்ன ஆனது என்பதுதான் இன்னும் முக்கியம். 1960களில் ஜப்பான் வெறிபிடித்த மாதிரி கட்டியது. பழைய தெருக்கள் நாடு முழுக்கக் காணாமல் போயின. இதைத் தடுத்தது குணம் இல்லை, சட்டம். 1968இல் கனசவாவும் குராஷிகியும் சொந்தமாக நகராட்சி விதிகளைக் கொண்டுவந்தன. 1971இல் த்சுமாகோ என்ற மலைக்கிராமத்துக்காரர்கள் ஒன்றுகூடி மூன்று விதி எழுதிக்கொண்டார்கள்: விற்காதே, வாடகைக்கு விடாதே, இடிக்காதே. 1975இல் பண்பாட்டுச் சொத்துச் சட்டத்தைத் திருத்தி, தனிக் கட்டடத்தை மட்டுமல்லாமல் ஒரு தெருத் தொகுதியையே பாதுகாக்கலாம் என்று நாடாளுமன்றம் சொன்னது. 1976இல் முதலில் தேர்வான ஏழு பகுதிகளில் இரண்டு ஹகியில் இருக்கின்றன, ஹோரியுச்சியும் ஹியாக்கோவும். நாங்கள் சைக்கிளில் போன சுவர்த் தெருக்கள்தான் அவை. வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்ற வேண்டுமென்றால் நகராட்சியிடம் அனுமதி வாங்க வேண்டும். பதிலுக்கு, பழுதுபார்க்க அரசு மானியம் தரும். இப்போது நாடு முழுக்க இப்படி 120க்கும் மேற்பட்ட பகுதிகள் இருக்கின்றன. ஓட்டுக்கும் சுண்ணாம்புக்கும் யார் காசு கொடுப்பது என்ற கேள்விக்கு அங்கே எழுத்தில் பதில் இருக்கிறது.

இதைச் சொல்லாமல் ‘அவன் காப்பாற்றுகிறான், நாம் இடிக்கிறோம்’ என்று எழுதுகிறவர் யாரைத் திட்டுகிறார்? காரைக்குடியில் பதினெட்டுப் பங்காளிகளுக்குச் சொந்தமான ஒரு வீட்டுக்கு ஓடு மாற்றக்கூட வழியில்லாமல், பர்மாத் தேக்குத் தூணைப் பழம்பொருள் கடைக்கு விற்றுவிட்டுத் தலைகுனிந்து நிற்கும் ஆச்சியைத் திட்டுகிறார். தமிழ்நாட்டில் மரபு ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வரப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. அந்தப் பத்து வருடம் யார் தூங்கினார்கள் என்று கேட்க வேண்டிய நேரத்தில் ‘தமிழனுக்கு அருமை தெரியாது’ என்று உச்சுக்கொட்டினால், தூங்கியவர்களுக்கு அதைவிட வசதி வேறென்ன?

இவ்வளவும் பாதி சண்டைதான். பழமையைக் காப்பது ஒரு இனத்தின் நற்குணம் என்று நம்பிவிட்டால், எதைக் காத்தார்கள், எதை விட்டார்கள் என்று கேட்கவே தோன்றாது. நல்லவர்கள் காட்டுவது எல்லாம் உண்மையாக இருக்கும் என்று கூடவே ஓட்டிக்கொண்டு போவோம்.

அடுத்த நிறுத்தம் ஒரு மட்பாண்டக் கடை. ஹகி மட்பாண்டம் தேநீர்க் கலையில் பெரிய பெயர், கியோட்டோவின் ராகுவுக்கு அடுத்த இடம் அதற்குத்தான் என்பார்கள். மெருகில் நுண்ணிய வெடிப்புகள் இருக்கும். வருடக்கணக்கில் தேநீர் அதில் ஊறி ஊறிக் கிண்ணத்தின் நிறமே மாறும், ‘ஏழு மாற்றம்’ என்று அதற்குப் பெயர். வழிகாட்டி இதையெல்லாம் அழகாகச் சொன்னார். இந்தக் கலை எப்படி இங்கே வந்தது என்று கேட்டேன். “கொரியாவிலிருந்து குயவர்கள் வந்தார்கள்” என்றார்.

வந்தார்கள். என்ன ஒரு வினைச்சொல்! 1592 முதல் 1598 வரை ஹிதேயோஷி கொரியாவின் மீது படையெடுத்தார், அந்தப் படையில் மோரியும் இருந்தார். அங்கிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்களில் யீ ஜக்குவாங், யீ கியோங் என்ற சகோதரர்கள்தான் ஹகி மட்பாண்டத்தைத் தொடங்கினார்கள். தம்பிக்குப் பிரபு கொடுத்த பட்டப்பெயர் ‘கோராய்சாஎமோன்’. ‘கோராய்’ என்றால் கொரியா. அந்தப் பட்டத்தை அவருடைய வம்சாவளி தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வந்திருக்கிறது. கொண்டுவரப்பட்டார்கள் என்று சொல்ல இரண்டு வார்த்தைகூடத் தேவையில்லை, ஒரு விகுதியை மாற்றினால் போதும். ‘கொண்டுவரப்பட்டார்களா?’ என்று நான் திருப்பிக் கேட்டதும் அவர் மறுக்கவில்லை. தலையை ஆட்டினார், மணியடித்தார், கிளம்பினோம்.

பிறகு ஷோகா சோன்ஜுகு. யோஷிதா ஷோயின் பாடம் நடத்திய சின்னஞ்சிறு மரவீடு, முதலில் எட்டுப் பாய் அகல அறை மட்டும். ஒன்றிரண்டு வருடம்தான் நடந்தது, அதிலிருந்து ஒரு அரசாங்கமே வெளியே வந்தது. 1854இல் அமெரிக்கக் கப்பலில் ஏறி வெளிநாடு போக முயன்று பிடிபட்டவர் ஷோயின். 1859இல், முப்பதை எட்டும் முன்பே, தலை வெட்டப்பட்டார். இந்தக் கதையைக் கேட்டால் யாருக்கும் நெஞ்சு அடைக்கும், எனக்கும் அடைத்தது. ஆனால் அதே ஷோயின் சிறையில் உட்கார்ந்து எழுதிய நூலில் கொரியா, மஞ்சூரியா, தைவான், லூசோன் என்று ஜப்பான் கைவைக்க வேண்டிய நிலங்களுக்குப் பட்டியல் போட்டிருக்கிறார். அந்த நிறுத்தத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பக்கத்திலேயே இத்தோ ஹிரோபுமி இளமையில் குடியிருந்த கூரை வீடு. “ஜப்பானின் முதல் பிரதமர்”, அவ்வளவுதான் அறிமுகம். 1905இல் சியோலில் ஜப்பானியப் படை சூழ்ந்து நிற்க, கொரியாவின் வெளியுறவு அதிகாரத்தைப் பிடுங்கும் ஒப்பந்தத்தை முன்னின்று வாங்கியவர், பிறகு அங்கே முதல் ரெசிடென்ட் ஜெனரலாக உட்கார்ந்தவர், 1909இல் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஆன் ஜுங்குன்னின் துப்பாக்கிக்கு இரையானவர் என்பதெல்லாம் வாசலுக்கு வெளியே நிற்கிறது. சியோலில் ஆன் ஜுங்குன்னுக்கு நினைவகம் இருக்கிறது.

‘ஒரு சைக்கிள் டூரில் போய் இவ்வளவு அரசியலா பாஸ்?’ என்று கேட்பீர்கள். அரசியலைக் கொண்டுவந்தது நான் இல்லை. நிறுத்தங்களின் பட்டியலைப் பாருங்கள்: பிரபுவின் கோட்டை, புரட்சிக்காரர் பள்ளி, பிரதமர் வீடு. மூன்று மணி நேரமும் அரசியல்தான். 1910ஓடு ஒட்டுகிற இடங்களில் மட்டும் பெடல் வேகமாக மிதிக்கப்படுகிறது. 2015இல் மெய்ஜி தொழில் புரட்சித் தலங்கள் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தபோது ஹகியிலிருந்து ஐந்து இடங்கள் உள்ளே போயின. அவற்றில் ஷோயினின் பள்ளியும் ஒன்று. ஒரு பள்ளிக்கூடத்துக்கும் தொழில் புரட்சிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்களே யோசியுங்கள். அதே பட்டியலில் இருந்த சுரங்கங்களில் கொரியர்கள் கட்டாய வேலை வாங்கப்பட்டதைச் சொல்வோம் என்று ஜப்பான் அப்போது ஒப்புக்கொண்டது. சரியாகச் சொல்லவில்லை என்று 2021இல் உலக மரபுக் குழுவே கடும் வருத்தம் தெரிவித்தது. பாதுகாப்பில் இவ்வளவு ஒழுங்கான நாடு, பலகை எழுதுவதில் ஏன் தடுமாறுகிறது?

அந்தப் பெரியவர் மீது எனக்குக் கோபம் இல்லை. 2020 கணக்கெடுப்பில் ஊரில் சுமார் 44 ஆயிரம் பேர்தான், வருடாவருடம் குறைகிறார்கள். இளைஞர்கள் 1868இல் போன மாதிரியே இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். வருகிற நாலு பேரிடமும் போய் ‘எங்கள் ஊர்ப் பையன்கள்தான் பக்கத்து நாட்டை விழுங்கினார்கள்’ என்று ஆரம்பிக்க அவரால் முடியாது. ஆனால் காசு கொடுத்து சைக்கிள் ஏறுகிற நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எழுத உட்காருகிறவர்களுக்கு அறவே இல்லை. நாமோ வெள்ளைக்காரன் ஆண்ட நாட்டுக்காரர்கள். ரெசிடென்ட் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தஞ்சாவூர்க்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஹகிக்குப் போனால் அய்பா வாய்க்காலோரம் சைக்கிள் ஓட்டாமல் வராதீர்கள். முழங்கால் ஆழத் தண்ணீர், கொழுத்த வண்ண மீன்கள், வீட்டுக்கு வீடு தண்ணீரில் இறங்கப் படி. வாய்க்காலின் மேல்கோடியில் கத்சுரா தாரோவின் பழைய வீடு இருக்கிறது. மூன்று முறை பிரதமர் என்று சொல்வார்கள். எந்தெந்த வருடங்களில் என்று கேளுங்கள். இரண்டாவது முறை 1908 முதல் 1911 வரை. கொரியாவை இணைத்துக்கொண்டது 1910 ஆகஸ்டில்.