மூத்த எஞ்சின்களுக்கு ஏற்ற பணி

தெல்தெனியவுக்கு இருப்புப்பாதை இல்லை; நமக்கு வேண்டிய பண்டங்கள் வீதிவழியே வருகின்றன. ஆயினும், 1867இல் கண்டியை அடைந்த இருப்புப்பாதை பெரிதும் கோப்பியைச் சுமக்கவே அமைந்தது. அப்பழந்தொழிலை மீட்க ஒரு வழியுண்டு.

கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா 1954 முதல் வழங்கிய எம்-2 டீசல் எஞ்சின்கள் மூன்று தலைமுறைப் பயணிகளைச் சுமந்து மூப்படைந்துள்ளன. அவற்றை இரும்புக்கு விற்றல் தகாது. சரக்கு வண்டிகளிற் பூட்டுதல் வேண்டும். பற்சக்கர விகிதத்தை மாற்றினால் வேகம் குறையும், இழுவிசை கூடும். ஆனால், முதலில் வந்தவற்றின் ஆறு அச்சுகளுள் நான்கையே மோட்டார்கள் சுழற்றுவதால், பெரும்பாரத்துடன் கடுகண்ணாவை ஏற்றத்தில் சக்கரங்கள் வழுக்கக்கூடும். ஆகவே, அவை சமவெளியிற் சரக்கிழுக்கட்டும். அங்குள்ள வலிய எஞ்சின்கள் மலையேறட்டும்.

லொறிகளால் நெரியும் கொழும்பு–கண்டி வீதியும் ஆறுதல் பெறும். மூத்தவற்றைக் கழிப்பதினும் அவற்றுக்கு ஏற்ற பணி தருவதே சிக்கனமாகும்.