கூப்பிட்டால் போய்க் கேட்டுவிட்டு வா

காரைக்காலில் ஒரு பிள்ளைக்கு இன்டர்வியூ வந்திருக்கிறது என்றால் வீட்டில் முதல் கேள்வி "எந்த ஊர்ல?" என்பதுதான். சம்பளப் பேச்சு பிறகு. எங்கள் தலைநகரமான புதுச்சேரிக்குப் போகவே மயிலாடுதுறை, கடலூர் மாவட்டங்களைத் தாண்டி ஏறத்தாழ 130 கிலோமீட்டர் பஸ்ஸில் உட்கார வேண்டும். ஓ.என்.ஜி.சி., துறைமுகம், என்.ஐ.டி., ஜிப்மர் என்று பெயர் சொல்ல நாலு இடம் உண்டு. படித்த பிள்ளைகள் எல்லாருக்கும் அங்கே நாற்காலி கிடையாது. அதனால் இன்டர்வியூ என்றாலே பையன் ஊரைவிட்டுப் போகிறான் என்று நாங்கள் முடிவு கட்டிவிடுகிறோம்.

என் அக்கா மகனுக்குப் போன வாரம் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றிலிருந்து மெயில் வந்தது. அவன் விண்ணப்பிக்கவே இல்லை. எப்போதோ வேலைவாய்ப்புத் தளத்தில் போட்டு வைத்த பயோடேட்டாவைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். இங்கே அவனுக்குக் கணக்கெழுதும் வேலை. குறை சொல்ல ஒன்றுமில்லை, சம்பளம் ஏறவும் இல்லை. "ஏழரை முடியட்டும்டா" என்றாள் அக்கா. திருநள்ளாற்றுச் சனி கோயிலுக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு இதைத் தட்டிப் பேச முடியாது. ஆனால் திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி பெயர்ந்தது 2025 மார்ச்சில். கோயில் கணக்கான வாக்கியப்படி 2026-இல். எந்தப் பஞ்சாங்கத்துக்கும் காத்திருக்காமல் கம்பெனி வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தது. அத்தானோ, கவர்மென்ட் வேலைக்கு அறிவிப்பு வரும், பொறு என்கிறார்.

"நீங்க என்ன சொல்றீங்க மாமா?" என்றான்.

"போறது வேற, சேர்றது வேறப்பா" என்றேன். சேரலாமா என்று இப்போதே யோசிக்க அவன் கையில் ஒரு விவரமும் இல்லை. அந்த விவரத்தைக் கேட்டு வாங்கத்தான் இன்டர்வியூ.

கேட்க முடியாமல் போனவர்களைப் பார்த்த கரை இது. பிரான்ஸ் 1848-இல் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ரீயூனியனுக்கும் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கும் ஆள் ஏற்றிய துறைகளில் காரைக்காலும் ஒன்று. 1861-இல் பிரிட்டனும் பிரான்ஸும் செய்த உடன்படிக்கையில் ஐந்தாண்டு வேலை, முடிந்ததும் இலவசமாக ஊர் திரும்பக் கப்பல் என்றெல்லாம் இருந்தது. காகிதத்தில் இருந்தது பலருக்குக் கைக்கு வரவில்லை. ரீயூனியனில் கூலிகள் பட்ட பாட்டைப் பார்த்து 1882-இல் பிரிட்டிஷ் அரசு அங்கே ஆள் அனுப்புவதை நிறுத்தியது.

பழைய கதை என்று தள்ளவும் முடியாது. தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டுப் பிள்ளைகள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பலிடம் சிக்கினார்கள். 2022 அக்டோபரில் 13 பேர் மீண்டு வந்தார்கள். இத்தகைய வலைகளில் இன்டர்வியூ மிகச் சுலபம் என்று வெளியுறவுத் துறையே எச்சரித்திருக்கிறது: நாலு கேள்வி, ஒரு டைப்பிங் டெஸ்ட், கை நிறையச் சம்பளம். நம்மைத் துருவித் துருவிக் கேட்காத கம்பெனியைத்தான் நாம் துருவ வேண்டும்.

அதனால் அவனிடம் சொன்னது இதுதான். மெயிலில் இருக்கும் நம்பரை விட்டுவிட்டு, கம்பெனியின் சொந்த இணையதளத்தில் உள்ள நம்பருக்குப் போன் போடு. என்ன பதவி, எவ்வளவு சம்பளம், முதல் சுற்றை வீடியோவில் வைக்கலாமா என்று எழுதிக் கேள். பயிற்சிக்கு, பதிவுக்கு, டெபாசிட்டுக்கு என்று ஒரு ரூபாய் கேட்டாலும் அதோடு நிறுத்து. வெளிநாடு என்றால் அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் ஏஜென்ட்டின் பதிவைப் பார். அவர் வாங்கக்கூடிய கட்டணம் ஜி.எஸ்.டி. நீங்கலாக 30,000 ரூபாய்தான்.

கேட்டு எழுதினான். மூன்றுக்கும் பதில் வந்தது. முதல் சுற்று வீடியோவில்தான். போகட்டும். வேலை கிடைத்தாலும் வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. கிடைக்காவிட்டாலும், தன் உழைப்புக்கு வெளியே என்ன விலை என்று தெரிந்துகொள்வான். அது தெரிந்த பையனிடம் உள்ளூர் முதலாளியும் அடுத்த தடவை சம்பளத்தைக் கொஞ்சம் யோசித்துத்தான் பேசுவார்.