ஊறுகாய் லேபிலிருந்து...

பி.காம். முடித்துவிட்டு ஊறுகாய் கம்பெனியில் கணக்கு எழுதும் ஆசாமிகள் எனக்குத் தெரியும். ஊறுகாயில் புளிப்பு சரியா என்று டெஸ்ட் பண்ணியவர் நோபல் பரிசு வாங்கியது தெரியுமா சார்?

கெர்ட்ரூட் எலியன். நியூயார்க் பெண். 15 வயதில் தாத்தாவைப் புற்றுநோய் கொண்டுபோக, மருந்து கண்டுபிடித்தே தீருவேன் என்று கெமிஸ்ட்ரி படித்தார். 'பெண் வந்தால் பசங்க கவனம் சிதறும்' என்று ஒரு லேபில் வேலை மறுத்தார்கள். (பசங்களை அனுப்பியிருக்கலாமே?) ஊறுகாயெல்லாம் தாண்டி, 1944-ல் பரோஸ் வெல்கம் மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார்.

அங்கே செய்தது, நம்ம பாஷையில் சொன்னால், கள்ளநோட்டு! செல் பெருக டி.என்.ஏ. வேண்டும், அதற்குப் பியூரின் வேண்டும். அச்சு அசலாக ஒரு போலிப் பியூரினை நீட்டினால் ரத்தப் புற்றுநோய் செல் ஏமாந்து வாங்கிக்கொள்ளும். பெருக்கம் நின்றுவிடும்.

ஆரம்பகாலப் போலி ஒன்றில் ஓர் இளம்பெண் தேறினாள். குழந்தைகூடப் பெற்றாள். அப்புறம் நோய் திரும்பியது, போய்விட்டாள். பல வருஷம் கழித்து அதைச் சொல்லும்போதும் எலியனுக்குக் கண் கலங்குமாம்.

விடவில்லை. ஆக்ஸிஜன் இருந்த இடத்தில் கந்தகத்தை வைத்து இன்னொரு போலி: 6-மெர்காப்டோபியூரின். 1953-ல் அனுமதி. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு, மற்ற மருந்துகளோடு சேர்த்து, இன்றும் கொடுக்கிறார்கள்.

டாக்டர் பட்டம்? ராத்திரி வகுப்புக்குப் போனார். 'வேலையை விட்டுட்டு முழுநேரமா வாம்மா' என்றார் டீன். பட்டத்தை விட்டார். 1988-ல் நோபல் கொடுத்தவர்கள் சர்ட்டிபிகேட் கேட்கவில்லை.